நுனி கிடைத்தால் வரும் நினைவு

தெரிந்த நடிகர்தான். முகம் கண்முன் நிற்கிறது, அவர் நடித்த படங்கள்கூட வரிசையாக வருகின்றன. பெயர் மட்டும் தொண்டை வரை வந்து நின்றுவிடுகிறது. உளவியலாளர்கள் ரோஜர் பிரவுனும் டேவிட் மெக்நீலும் 1966இல் வெளியிட்ட ஆய்வில் இந்தத் தவிப்பை வேண்டுமென்றே வரவழைத்தார்கள். அதிகம் புழங்காத சொற்களின் அகராதி விளக்கத்தைப் படித்துக் காட்டி, சொல்லைக் கேட்டார்கள். சொல் வராமல் திணறியவர்களில் பலர் அதன் முதல் எழுத்தைச் சரியாகச் சொன்னார்கள். எத்தனை அசை என்பதையும் சொன்னார்கள். சொல் அடியோடு அழிந்திருந்தால் இது நடக்காது.

மனதில் இருப்பது வேறு, கேட்டதும் கைக்குக் கிடைப்பது வேறு. இதை அழுத்தமாகக் காட்டியவர் கனடாவில் பணியாற்றிய உளவியலாளர் எண்டல் டல்விங். அதே 1966இல் அவரும் சக ஆய்வாளர் பேர்ல்ஸ்டோனும் பள்ளி மாணவர்களுக்குச் சொற்பட்டியல்களை வாசித்தார்கள். 'ஆயுதங்கள்' என்று சொல்லிவிட்டு குண்டு, பீரங்கி. 'நாற்கால் விலங்குகள்' என்று சொல்லிவிட்டு பசு, எலி. பிறகு பாதிப் பேருக்கு வெற்றுத்தாள், மீதிப் பேருக்கு இந்த வகைப் பெயர்கள் உள்ள தாள். வகைப் பெயர் கிடைத்தவர்கள் கூடுதலாக எழுதியதில் வியப்பில்லை. வெற்றுத்தாள்காரர்களுக்கும் அடுத்து வகைப் பெயர்களைக் கொடுத்தபோதுதான் விஷயம் விளங்கியது. சற்றுமுன் எவ்வளவு யோசித்தும் வராத சொற்களை அவர்களும் எழுதினார்கள். இடையில் யாரும் அவர்களுக்கு எதையும் கற்றுத் தரவில்லை.

ஒரு நிகழ்ச்சியின் காட்சி, ஒலி, மணம் எல்லாம் மூளையின் வெவ்வேறு பகுதிகளில் பதிகின்றன. அவற்றை ஒன்றோடொன்று பிணைப்பதில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. நூல்கண்டின் நுனியைப் பிடித்து இழுப்பதுபோல, ஒரு துணுக்கு கிடைத்தால் மற்றவை பின்னாலேயே வரும். ஆனால் அந்தத் துணுக்கு, பதியும்போதே கூடச் சேர்ந்து பதிந்ததாக இருக்க வேண்டும் என்று டல்விங் பின்னாளில் வாதிட்டார்.

இப்படித் தேடி எடுப்பதே நினைவை உறுதியாக்கவும் செய்கிறது. 2006இல் வெளியான ஆய்வில் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் மாணவர்களிடம் படிக்கப் பத்திகளைக் கொடுத்தார்கள். மறுபடி படித்த பத்தியில் ஒரு வாரம் கழித்து நினைவிருந்தது 42 சதவீதம். படித்தபின் பார்க்காமல் எழுதிப் பார்த்த பத்தியில் 56. ஐந்தே நிமிடத்தில் கேட்டபோதோ, மறுபடி படித்த பத்தியே கூடுதலாக நினைவிருந்தது. தேர்வுக்கு முந்தின இரவு புத்தகத்தைப் புரட்டும் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்ததுபோலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். புத்தகத்தை மூடிவைத்து ஒப்பிக்கச் சொல்லும் நம் பழைய வழக்கத்தை, வெறும் மனப்பாடம் என்று ஒரேயடியாக ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.