ஈகையும் கணக்கும்

இராமநாதபுரம் மாவட்டம் வானம் பார்த்த பூமி. 2018இல் நடுவணரசு வளர்ச்சிக்கு முன்னுரிமை அளிக்கத் தேர்ந்த பின்தங்கிய மாவட்டங்களுள் அதுவும் ஒன்று. ரமலான் பிறை தோன்றியதும் அங்குள்ள அறநிறுவனங்களின் வேண்டுகோள்கள் நம் இல்லம் தேடி வருகின்றன. எவற்றை நம்பி வழங்குவது?

பதிவுச் சான்றைக் கண்டதும் பலர் நிறைவுறுகின்றனர். பதிவு என்பது பெயருக்குச் சான்று, பணிக்கன்று. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, பதிவுபெற்ற சங்கம் ஆண்டுதோறும் கணக்கைப் பதிவாளரிடம் அளித்தல் வேண்டும். அக்கணக்கின் படியைக் கேட்பதில் நாணம் எதற்கு?

ஜகாத்தில் பொறுப்பு இன்னும் மிகுதி. அதனைப் பெறத்தக்க எட்டு வகையினரைத் திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் 60ஆம் வசனம் வரையறுக்கிறது. கண்மாய் தூர்வாருதல் நற்பணியே. ஆயினும் அதற்கு ஸதக்கா நிதியே உரியது, ஜகாத் ஏழையின் கைக்கு உரிமையாகச் சேர வேண்டும் என்பது சட்ட அறிஞருள் பெரும்பாலோர் முடிபு. இரண்டையும் ஒரே கணக்கில் கலப்போரிடம் ஜகாத்தை ஒப்படைக்க எனக்கு மனமில்லை.

கணக்கைவிடச் சிறந்த சான்று பயன்பெற்றோர் வாய்ச்சொல். திருவாடானைப் பக்கம் ஒரு சிற்றூரில், தையற்பொறி பெற்ற கைம்பெண் ஒருவர், "படம் எடுத்துப் போனவர்கள் பிறகு வரவேயில்லை, ஐயா" என்றார். பொறி பழுதுற்று மூலையில் கிடந்தது. அங்கேயே இன்னொரு சிறு சங்கத்தார், கேளாமலே உதவித்தொகைப் பதிவேட்டை விரித்துக் காட்டினர். இரு மாணவர் இடையில் படிப்பை விட்டதும் அதில் எழுதப்பட்டிருந்தது. அவ்வாண்டு என் ஜகாத்தை அவர்களிடமே அளித்தேன்.