கண்ணால் கேட்கும் அழைப்பு மணி

திருப்பத்தூரைச் சுற்றியுள்ள கண்டரமாணிக்கம், கீழச்சிவல்பட்டி போன்ற ஊர்களின் பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாவற்றையும் கடந்தால்தான் அடுப்படி வரும். பிள்ளைகள் வெளியூர் போய்விட, வயதான ஆச்சி ஒருவர் மட்டும் அத்தனை பெரிய வீட்டில் இருப்பதும் உண்டு. அவருக்குக் காது மந்தம் என்றால்? கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் நாலு தடவை மணி அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். இதற்கு அஞ்சிக் கதவைத் தாழிடாமல் வைத்தால், யார் நுழைந்தாலும் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு அச்சமின்றித் தனியே வாழ முடியுமா என்பதே இந்தச் சின்ன மணியைப் பொறுத்திருக்கிறது.

மணியோசை ஏன் எட்டுவதில்லை? திறந்த வெளியில், தொலைவு இரு மடங்கானால் ஒலியின் அளவு 6 டெசிபெல் குறையும். வீட்டுக்குள் சுவர்களும் கதவுகளும் மேலும் குறைக்கும். மற்றொரு காரணம் காதிலேயே இருக்கிறது. முதுமையில் கேட்கும் திறன் முதலில் குறைவது உயர்ந்த சுருதி ஒலிகளுக்குத்தான். கடைகளில் விரும்பி வாங்கப்படும் குருவிக் குரல் மணி கீச்சிடுவதோ அந்த உயர்ந்த சுருதியில்! முதியவர் வீட்டுக்கு இதைவிடப் பொருந்தாத மணி வேறில்லை. புகை எச்சரிக்கைக் கருவிகளிலும் இதே குறை காணப்பட்டது. சுமார் 3,100 ஹெர்ட்ஸில் அலறும் கருவியைவிட, 520 ஹெர்ட்ஸில் ஒலிப்பதே காது மந்தமானவர்களைத் தூக்கத்திலிருந்து நன்றாக எழுப்புகிறது. ஆகவே, ஓரளவு கேட்பவர்களுக்குத் தாழ்ந்த சுருதியில் ‘டிங்-டாங்’ என்னும் மணியே போதுமானதாக இருக்கலாம்.

அறவே கேளாதவர்களுக்கு? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர். அவர்களுக்குக் கண் இருக்கிறது, தோல் இருக்கிறது.

எளிய வழி, மணியோடு பக்க இணைப்பாக ஒரு விளக்கைச் சேர்ப்பது. பொத்தானை அழுத்தினால் இரண்டுக்கும் மின்சாரம் பாயும். ஆனால் வந்தவர் அரை வினாடி மட்டுமே அழுத்தினால், ஆச்சி கண்ணெடுப்பதற்குள் விளக்கு அணைந்துவிடும். இங்கே உதவுவது 1972-இல் விற்பனைக்கு வந்த 555 என்னும் சிறு மின்னணுச் சில்லு. இதனுடன் இணைக்கும் மின்தடையையும் மின்தேக்கியையும் பெருக்கி, மீண்டும் 1.1-ஆல் பெருக்கினால், ஒருமுறை தொட்டதும் எத்தனை வினாடி இயங்கும் என்பது கிடைக்கும். 1,80,000 ஓம் தடையும் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் போட்டால் ஏறக்குறைய 20 வினாடி. இன்னொரு 555 விளக்கைச் சிமிட்ட வைக்கும். வினாடிக்கு ஒன்றிரண்டு சிமிட்டல் போதும். நிலையாக எரியும் விளக்கைவிடச் சிமிட்டும் விளக்கு கடைக்கண்ணிலும் படும். மாணவர்கள் இதை 9 வோல்ட் பேட்டரியில் எல்.இ.டி. விளக்கு வைத்துச் செய்து பார்க்கலாம். வீட்டு 230 வோல்ட் பக்கம் போக வேண்டாம். பேட்டரியானால் மின்வெட்டிலும் வேலை செய்யும்.

விளக்கு எங்கே இருக்க வேண்டும்? வளவில் நண்பகல் வெயிலில் அது எடுபடாது. அடுப்படியில் ஒன்று, படுக்கும் அறையில் ஒன்று வேண்டும். கம்பியில்லா மணி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெட்டியில் அச்சிட்ட தூரம் திறந்தவெளிக்கு உரியது. தடித்த சுவர்கள் வானொலி அலையையும் தளர்த்தும்.

தூங்குபவருக்கு விளக்கு போதாது. தலையணைக்கடியில் ஒரு அதிர்வி வைப்பார்கள். மோட்டாரின் அச்சில் ஒருபக்கமாக எடை கட்டினால், சுழலும்போது குலுங்கும். பல கைப்பேசிகள் அதிர்வதும் இப்படித்தான். அமெரிக்காவில் காது கேளாதவரை அழைக்க மரத்தரையைக் காலால் தட்டுவதுண்டு. மண்ணின்மேல் ஆத்தங்குடிக் கல் பாவிய நம் தரையில் அது பலிக்காது!

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சும். விளக்கைப் பார்த்த ஆச்சி முன்வாசலுக்கு நடந்து வர வேண்டுமே. அதற்குள் வந்தவர் போய்விட்டால்? அடுப்படியில் ஒரு பதில் பொத்தான் வைத்து, வாசல் பொத்தானுக்கு அருகில் ஒரு சிறு பச்சை விளக்கைப் பொருத்தினால், அவர் வருகிறார் என்று வெளியே நிற்பவருக்குத் தெரியும். ‘பச்சை விளக்கு எரிந்தால் காத்திருங்கள்’ என்று அதனடியில் எழுதி ஒட்டவும் வேண்டும்.