நம் திருத்தமும் ஏறும்

'திருநெல்வேலி'யில் எத்தனை எழுத்து? ஆறுதானே! பைத்தானின் 'லென்' 12 என்கிறது. கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணிவிடும். 'ஓப்பன் தமிழ்' நிரல் தொகுப்பு சரியாக ஆறு சொல்லும். கிட்ஹப்பில் திறந்தே கிடக்கிறது. யாரும் திருத்தம் அனுப்பலாம்.

நேரே கைவைக்க விடமாட்டார்கள். ஃபோர்க் செய்தால் நமக்கொரு நகல். அதில் தனிக் கிளை. திருத்தி, சோதனைகளை ஓட்டி, ஏன் மாற்றினோம் என்று எழுதி கமிட், புஷ், பிறகு 'புல் ரிக்வெஸ்ட்'. பொறுப்பாளர் வரிவரியாகப் பார்ப்பார். குறை சொன்னால் புதுசா அனுப்ப வேண்டாம். அதே கிளையில் திருத்தி புஷ் செய்தால் போதும்.

வீட்டில் முதல் படிப்பாளி நான். வேறொரு தொகுப்புக்குக் கை நடுங்கத்தான் அனுப்பினேன். திரும்பி வந்தது. அம்மா சுற்றுற பீடியில் கழிவு எடுக்கிறவர் காரணம் சொல்றதில்லை, கூலியும் கிடையாது. இங்கே காரணம் எழுதியிருந்தது: சோதனை சேர்க்கலையாம். சேர்த்துவிட்டேன். தினமும் லேப்பில் பார்க்கிறேன், இன்னும் பதில் வரலை.