செகண்ட் ஹேண்ட் டர்போ கார் வாங்கப் போறீங்களா? எஞ்சினுக்கான பணத்தை முதல்ல எடுத்து வைங்க



"சார், 2017 போலோ ஜிடி டிஎஸ்ஐ ஒண்ணு 5.5 லட்சத்துக்கு வருது. கைக்கு வர்ற சம்பளம் 55,000. சேவிங்ஸ் 1.5 லட்சம் இருக்கு, மீதி 4 லட்சம் லோன். இஎம்ஐ பத்தரை ஆயிரம்தான். எடுக்கலாமா?"

ஓஎம்ஆர் பக்கம் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. இஎம்ஐ கணக்கு சரிதான். 12 சதவீத வட்டி, 48 மாசம்னா 10,534 ரூபாய் வரும். ஆனா இந்தக் கணக்குல எஞ்சின் எங்கேயும் இல்லை. சாவி கைக்கு வர்ற அன்னைக்கு அக்கவுண்ட்ல இருப்பு பூஜ்யம். அடுத்த வாரம் டேஷ்போர்டுல மஞ்சள் லைட் எரிஞ்சா என்ன பண்ணுவார்? கிரெடிட் கார்டை எடுப்பார்.

இந்தக் காரைப் பத்தித் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. போக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 2013-ல் இந்தியாவுக்கு வந்தது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 பிஎஸ் பவர், 7 ஸ்பீடு டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். பிஎஸ்6 வந்த 2020-ல் அந்த எஞ்சின் போய் 1.0 டிஎஸ்ஐ வந்தது. 2022-ல் போலோவே நின்னுடுச்சு. அதனால இப்ப மார்க்கெட்டில் கிடைக்கிற 1.2 எதுவா இருந்தாலும் அஞ்சு வருஷத்துக்கு மேல ஓடினதுதான், கம்பெனி வாரன்டியும் முடிஞ்சிருக்கும். ஓட்ட அருமையான கார். விலை குறைஞ்சு மாருதி லெவலுக்கு வந்திருக்கும், ஸ்பேர் பார்ட்ஸ் விலை மட்டும் போக்ஸ்வேகன் லெவலில்தான் இருக்கும்.

ஓப்பனிங் பேலன்ஸை நம்பாதீங்க

எங்க ஆடிட் தொழிலில் எஸ்ஏ 510-னு ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு. புது கிளையண்ட் வந்தா, போன வருஷத்து ஓப்பனிங் பேலன்ஸை அப்படியே எடுத்துக்கக் கூடாது, அதுக்கு ஆதாரம் தேடணும். பழைய காருக்கும் இதே கதைதான். "இப்பதான் சார் சர்வீஸ் பண்ணோம், ஆயில் எல்லாம் புதுசு"ன்னு சொல்றது வாய்வார்த்தை. பில் எங்கேன்னு கேளுங்க. பில்லில் தேதி, கிலோமீட்டர், ஊத்தின ஆயிலின் பெயர் மூணும் இருக்கணும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பண்ணின கார்னா பழைய ஹிஸ்டரியை ஓனரை வைத்தே எடுக்கச் சொல்லலாம். 2021 பில்லில் 62,000 கி.மீ.னு இருந்து, இன்னைக்கு மீட்டர் 58,000 காட்டினா அங்கேயே பேச்சை முடிச்சுடலாம்.

பில் இல்லைன்னா எதுவுமே மாத்தலைன்னு வச்சுக்கிட்டு எல்லாத்தையும் முதல் மாசத்திலேயே மாத்திடணும். அன்னைக்கு மீட்டரில் என்ன இருக்கோ, அதுதான் உங்க பூஜ்யம்.

ஆயில்தான் முதல் செலவு

சாதாரண பெட்ரோல் எஞ்சினுக்கும் டர்போவுக்கும் பெரிய வித்தியாசம் ஆயிலில்தான். டர்போ உள்ளே இருக்கிற ஷாஃப்ட் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுத்தும். ஒரு பக்கம் எக்ஸாஸ்ட் சூடு, மறுபக்கம் வெளிக்காத்து. நடுவில் அந்த ஷாஃப்ட் மிதக்கிறது மெல்லிய ஆயில் படலத்து மேல. ஆயில் பழசாகி, சூட்டில் கருகி, கெட்டியாகி, டர்போவுக்குப் போற சின்ன பைப்பை அடைச்சா ஷாஃப்ட் வறண்டு சுத்தும். அப்புறம் நீல நிறத்தில் புகை, ஊளைச் சத்தம், பெரிய பில்.

ஆயில் வாங்கும்போது 5டபிள்யூ-40 மட்டும் பார்த்து வாங்காதீங்க. டப்பாவின் பின்பக்கம் விடபிள்யூ 502.00 மாதிரி கம்பெனி அப்ரூவல் நம்பர் இருக்கும். உங்க காரின் மேனுவலில் இருக்கிற நம்பரும் இதுவும் ஒத்துப் போகணும். பிராண்டு எதுவா இருந்தாலும் பரவாயில்லை. கிட்டத்தட்ட நாலு லிட்டர், கூட ஆயில் ஃபில்டர், லேபர் எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய்னு நான் கணக்கு வைக்கிறேன்.

கம்பெனி சொல்றது 15,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அது. ஆனா சோழிங்கநல்லூர் சிக்னலில் தினமும் முக்கால் மணி நேரம் ஐடிலிங்கில் நிக்கிற காருக்கு கிலோமீட்டர் சரியான அளவுகோல் இல்லை. மீட்டர் ஓடாது, எஞ்சின் ஓடிட்டே இருக்கும். பழைய டர்போ காருக்கு 7,500 கி.மீ.லேயே மாத்திடுங்கன்னுதான் நான் சொல்வேன். வருஷத்துக்கு ஒரு ஆயில் சேஞ்ச் கூடுதலா வரும், மாசத்துக்கு 500 ரூபாய். டர்போ மாத்துற செலவோட பக்கத்தில் வச்சுப் பாருங்க, இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரிதான் தெரியும்.

பழைய ஆயிலை வடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்க. கறுப்பா இருந்தா பரவாயில்லை. மினுமினுன்னு உலோகத்தூள் தெரிஞ்சாலோ, ஃபில்லர் மூடிக்கு அடியில் பால் கலந்த மாதிரி பிசுக்கு இருந்தாலோ மெக்கானிக்கிட்ட உடனே கேளுங்க. முதலாவது, உள்ளே தேய்மானம். இரண்டாவது, கூலன்ட் கலந்திருக்கலாம். அப்புறம் 1,000 கி.மீ.க்கு ஒரு தடவை டிப்ஸ்டிக் எடுத்துப் பாருங்க. டர்போ எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிக்கும். லெவல் குறையுதான்னு பார்க்க ரெண்டு நிமிஷமும் ஒரு பழைய துணியும் போதும். சிவப்பு ஆயில் லைட் எரிஞ்சா "வீட்டுக்குப் போய் பார்த்துக்கலாம்" கிடையாது. ஓரங்கட்டி ஆஃப் பண்ணுங்க.

காசே ஆகாத பழக்கம் ஒண்ணு: காலையில் ஸ்டார்ட் பண்ணின உடனே விரட்டாதீங்க, ஹைவேயில் விரட்டிட்டு டக்குனு ஆஃப் பண்ணாதீங்க. ஹோட்டல் வர்றதுக்கு முன்னாடி கடைசி ரெண்டு கிலோமீட்டர் மெதுவா வந்தாலே டர்போ ஓரளவு ஆறிடும்.

மத்த திரவங்களும் ஒரு சத்தமும்

கூலன்ட் போக்ஸ்வேகன் கார்களில் பிங்க் நிறத்தில் இருக்கும். பழைய ஓனர் போர் தண்ணி ஊத்தி நிரப்பியிருந்தா நிறம் வெளிறியிருக்கும், டேங்க் ஓரத்தில் உப்பு படிஞ்சிருக்கும். நம்ம ஊர் தண்ணியில் உப்பு எவ்வளவுன்னு கீசர் வச்சிருக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முழுசா வடிச்சு, மேனுவல் சொல்ற கூலன்ட்டையே ஊத்துங்க. அப்புறம் எஞ்சின் ஆறின பிறகு வாரம் ஒரு தடவை லெவல் பாருங்க. கீழே சொட்டாம லெவல் மட்டும் குறைஞ்சுட்டே வந்தா வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் பக்கம் கசிவு இருக்கலாம், ஹெட் கேஸ்கெட்டாகவும் இருக்கலாம். சூடா இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில் ரெண்டையும் யோசிக்காம மாத்திடுங்க. ஸ்பார்க் பிளக் நாலும் சேர்த்து மாத்துங்க. ஓடும்போது எஞ்சின் குலுங்கி, செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு மின்னினா மிஸ்ஃபயர்னு அர்த்தம். அப்படியே ஓட்டினா எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அதையும் கெடுக்கும். ஒரு இக்னிஷன் காயிலில் முடிய வேண்டிய செலவு பல மடங்கு ஆயிடும்.

அடுத்தது டைமிங் செயின். 1.2 டிஎஸ்ஐ குடும்பத்தில் ஆரம்பத்தில் வந்த எஞ்சினில் செயின், பின்னாடி வந்ததில் பெல்ட். உங்க கார்ல எதுன்னு எஞ்சின் கோடை வச்சு மெக்கானிக்கிட்ட உறுதி பண்ணிக்கோங்க. செயின்னா, கார் ராத்திரி முழுக்க ஆறி நின்ன பிறகு, காலையில் முதல் ஸ்டார்ட்டில் காதைக் கொடுத்துக் கேளுங்க. சில நொடி கடகடன்னு சத்தம் வந்து அடங்கினா செயின் தளர்ந்திருக்கலாம். அது தாவினா வால்வும் பிஸ்டனும் மோதும், எஞ்சினையே பிரிக்கணும். கார் பார்க்கப் போறதுக்கு முன்னாடி "ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க, நான் வந்து பண்றேன்"னு ஓனர்கிட்ட சொல்லிடுங்க. போய் பார்க்கும்போது பானெட் ஏற்கனவே சூடா இருந்தா, இன்னொரு நாள் காலையில் வர்றேன்னு கிளம்புங்க.

எதுக்கு செலவு பண்ணக் கூடாது?

சர்வீஸுக்கு விட்டா அட்வைசர் நீட்டுற லிஸ்ட்டில் "ஃபியூயல் அடிட்டிவ்" ஒண்ணு கண்டிப்பா இருக்கும், டேங்க்கில் ஊத்தினா வால்வு கிளீன் ஆகும்னு. டிஎஸ்ஐ எஞ்சினில் பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ளேயே பீச்சப்படுது. இன்டேக் வால்வின் பின்பக்கம் பெட்ரோலே படாது. அதனாலதான் அங்கே கார்பன் படியுது. பெட்ரோலே தொடாத இடத்தை பெட்ரோலில் கலந்த மருந்து எப்படி சுத்தம் பண்ணும்? இன்ஜெக்டருக்கு வேணா அது கொஞ்சம் உதவலாம். வால்வில் நிஜமாவே கார்பன் ஏறி, ஐடிலிங் தடுமாறினா, மேனிஃபோல்டைக் கழட்டி கையால சுத்தம் பண்றதுதான் வழி. அறிகுறி இல்லாம அதையும் பண்ண வேண்டாம்.

செலவு பண்ண வேண்டியது ஸ்கேனுக்கு, அதுவும் வாங்குறதுக்கு முன்னாடி. ஓபிடி ஸ்கேனர் வச்சிருக்கிற தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. "எரர் எதுவும் இல்லை"ன்னு வந்தா அதோட விட்டுடாதீங்க, ரெடினஸ் மானிட்டர்களையும் பார்க்கச் சொல்லுங்க. அதுல பல ஐட்டம் 'ரெடி இல்லை'ன்னு காட்டினா, சமீபத்தில் யாரோ எரரை அழிச்சிருக்காங்க, இல்லைன்னா பேட்டரியைக் கழட்டியிருக்காங்க. அதே நேரத்தில் ரீமேப் பண்ணியிருக்கான்னும் கேளுங்க. இந்த மாதிரி காரை வாங்குறவங்க பாதிப் பேர் இன்னும் கொஞ்சம் பவர் வேணும்னு நினைக்கிறவங்கதான். ரீமேப் பண்ணின கார்ல டர்போவும் கிளட்ச்சும் எவ்வளவு அடி வாங்கியிருக்குன்னு வெளியில் தெரியாது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாம பண்ணியிருந்தா கிளெய்மிலும் சிக்கல் வரலாம்.

இப்ப கணக்குக்கு வருவோம்

முதல் மாச சர்வீஸ் - ஆயில், ஃபில்டர்கள், பிளக், கூலன்ட், பிரேக் ஆயில், ஸ்கேன், லேபர் - சுமார் 25,000 ரூபாய். இது என் மதிப்பீடு, உங்க ஊர் கராஜில் கேட்டு மாத்திக்கோங்க. டயரும் பேட்டரியும் இதுல இல்லை. இதைத் தவிர டர்போ, டிஎஸ்ஜி கிளட்ச் மாதிரி பெரிய செலவுக்கு மாசம் 4,000 தனியா ஒரு ஆர்டியில் போகணும். டிஎஸ்ஜி பக்கம் பெரிய வேலை வந்தா பில் லட்சத்தைத் தாண்டும், அதனால இது கட்டாயம்.

மாசக் கணக்கு இப்படி வரும்: இஎம்ஐ 10,534. ரிசர்வ் 4,000. இன்சூரன்ஸ் சுமார் 1,500. மாசம் 800 கி.மீ., சிட்டியில் லிட்டருக்கு 13 கி.மீ.னா பெட்ரோல் கிட்டத்தட்ட 6,200. மொத்தம் 22,000-க்கு மேல. 55,000 சம்பளத்தில் 40 சதவீதம். சம்பளக்காரருக்கு இந்த லோன் வட்டியில் டேக்ஸ் சலுகையும் கிடையாது.

கையில் இருக்கிற 1.5 லட்சத்தையும் டவுன் பேமெண்ட்டா கொடுக்கிறதுதான் இதுல பெரிய ஆபத்து. ஒரு லட்சம் மட்டும் கட்டி 4.5 லட்சம் லோன் எடுத்தா இஎம்ஐ 11,850 ஆகும். நாலு வருஷத்தில் கூடுதல் வட்டி சுமார் 13,000. அந்த விலைக்கு 50,000 ரூபாய் உங்க கையிலேயே இருக்கும். எஞ்சின் பில்லை கிரெடிட் கார்டில் தேய்ச்சு, மாசம் 3.5 சதவீத வட்டியில் உருட்டுறதை விட இது மேல். ஆனா அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இது ரெண்டும் இல்லை: இஎம்ஐ கட்டுற மாதிரியே மாசம் 10,500-ஐ ஆறு மாசம் தனியா போட்டு வைங்க. 63,000 சேரும். அந்த ஆறு மாசத்தில் திணறினா, கார் வாங்காமலே விடை தெரிஞ்சுடும்.

இன்சூரன்ஸ் இதைக் கொடுக்குமா?

கொடுக்காது. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் தேய்மானம், மெக்கானிக்கல் பிரேக்டவுன் ரெண்டும் விலக்கு. ஆயில் இல்லாம எஞ்சின் சீஸ் ஆனா அது உங்க பாக்கெட்தான். 'எஞ்சின் புரொடெக்ட்' ஆட்-ஆன் தண்ணி புகுந்தது மாதிரி சில விஷயங்களுக்கு உதவும், ஆனா வயசான கார்களுக்குப் பல கம்பெனிகள் அதைத் தர்றதில்லை. கோட் வாங்கும்போதே கேட்டுக்கோங்க. சென்னைக் கார்னா 2015, 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்னதான்னு பாருங்க: சீட் ரெயிலுக்கு அடியில் துரு, கார்பெட்டுக்குக் கீழே மண். பழைய கிளெய்ம் விவரமும் கேளுங்க.

இன்னொண்ணு, ஆர்சி மாத்துறதோட நிறுத்திடாதீங்க. கை மாறின 14 நாளுக்குள் பாலிசியையும் உங்க பேருக்கு மாத்த விண்ணப்பிக்கணும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடயே போயிடும், உங்களுக்கு வராது. அதனால அந்தத் தள்ளுபடிக்கான வித்தியாசத்தை இன்சூரன்ஸ் கம்பெனி உங்ககிட்ட கேட்கும். அந்தத் தொகையையும் 25,000-த்தோட சேர்த்தே எழுதி வைங்க.