வட்டுக்கோட்டையும் அதன் கல்விச்சாலையும்

ஊர்கள் பலவகையாற் பெயர் பெறும். கோயிலாற் பெயர் பெற்றன சில. துறைமுகத்தாற் பெயர் பெற்றன சில. கல்விச்சாலை ஒன்றினாற் கடல் கடந்தும் பெயர் பெற்ற ஊர்களுள் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை ஒன்றாகும். நகருக்கு வடமேற்கே ஏறக்குறைய ஏழு மைல் தொலைவில், வயலும் பனையும் சூழ விளங்கும் சிற்றூர் அது.

போர்த்துக்கேயர் காலத்திலேயே அவ்வூரில் ஒரு தேவாலயம் இருந்தது. ஒல்லாந்தர் 1678இல் அதனைப் புதுக்கிக் கட்டினர். பின்னர் அது பேணுவாரின்றிச் சிதைந்தது. 1816இல் இலங்கை வந்த அமெரிக்க மிஷனரிமாருட் சிலர் அப்பாழிடத்தைச் செப்பனிட்டுத் தம் உறைவிடமாக்கினர். அங்கே 1823இல் தோன்றியதே வட்டுக்கோட்டைச் செமினரி. அதன் முதல் அதிபர் டானியல் பூவர்.

பொருள் உதவிய அமெரிக்கரின் பெயர்களை மாணாக்கர்க்குச் சூட்டுவது அங்கே வழக்கமாயிருந்தது. ‘கறல்’ விசுவநாதபிள்ளை என்பது போன்ற பெயர்கள் அவ்வழக்கத்தின் எச்சங்களே. ஆங்கிலம், கணிதம், வானியல், தத்துவம் ஆகியன அங்கே கற்பிக்கப்பட்டன. தமிழிலக்கணமும் இலக்கியமும் அவற்றோடு உடன் வைத்துப் பயிற்றப்பட்டன. சமயம் பரப்புதலே நிறுவியோர் நோக்கமாயினும், அங்கு விளைந்த கல்வி அந்நோக்கின் எல்லையைக் கடந்து வளர்ந்தது. குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ற், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பவைக்கத்தக்கது அச்சாலை என 1850இல் வெளிவந்த தம் நூலிற் பாராட்டினார்.

அத்தகைய சாலை 1855இல் மூடப்பட்டது. மூடியதற்குக் கூறிய காரணமே இங்கு நாம் ஊன்றி நோக்கற்பாலது. அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் அவ்வாண்டில் யாழ்ப்பாணம் வந்தார். ஆங்கிலங் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் செல்கின்றனர். கிராமத்து மக்களிடையே தொண்டு புரிய வேண்டுவோர் தாய்மொழியிற் கற்றாற் போதும் என்பது அவர் கொள்கை.

தாய்மொழிக் கல்வி வேண்டும் என்பதை மறுப்பார் யார்? தமிழ் கற்பிப்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட எம்போல்வார்க்கு அது உயிர்க்கொள்கை. ஆயினும், தமிழை முன்னிறுத்திப் பிறமொழிக் கல்வியின் வாயிலை அடைத்தமையால் தமிழ் நயம் பெற்றதா என்று கேட்டல் வேண்டும். அவ்வினாவுக்கு அச்சாலையின் மாணாக்கரே விடையாவர்.

1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாய் விளங்கிய விசுவநாதபிள்ளையும் சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையிற் பயின்றவர்களே. சாலை மூடப்பட்டபின் அதன் மாணாக்கர் பெற்ற பெருமை இது. இன்னும், தாமோதரம்பிள்ளை பட்டத்தோடும் பதவியோடும் அமைந்தாரல்லர். செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரட்டி, தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு 1868இலும், வீரசோழியத்தை 1881இலும், கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார். பழந்தமிழ் நூல்களைக் காத்த கைகள், ஆங்கிலமும் கணிதமும் பயின்ற கைகள் என்பதை மறத்தல் ஆகாது. பிறமொழிக் கல்வி அவரைத் தமிழினின்று பிரிக்கவில்லை. தமிழின் அருமையை அளந்தறியும் அளவுகோலை அவர் கையிற் கொடுத்தது.

உத்தியோகத்தை நாடிச் சென்றோரும் பலர் உளர். அண்டர்சன் கண்டது முற்றும் பொய்யன்று. ஆனால் அக்குறைக்கு மருந்து, தமிழ்ப் பாடத்தை ஆழப்படுத்துதலேயன்றிச் சாலையை மூடுதலன்று. ஊரவரும் பழைய மாணவரும் இதனை உணர்ந்திருந்தனர். உயர்கல்வி மீண்டும் வேண்டும் என்னும் அவர்தம் வேட்கையின் பயனாக, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அவ்விடத்தே தொடங்கிற்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் எழுந்தபோது, அதன் விஞ்ஞான பீடம் தொடக்கத்தில் இயங்கியதும் வட்டுக்கோட்டையிலேயாம். மூடிய கதவின் பின்னும் அணையாதிருந்த விளக்கு அது.

பாடமொழி எது என்னும் வழக்கு இந்நாளிலும் ஓய்ந்தபாடில்லை. ஆங்கிலம் ஒன்றே போதும் என்று பிள்ளைகளைத் தமிழ் வகுப்பினின்று விலக்கும் பெற்றோர் உளர். தமிழ் ஒன்றே போதும் என்று பிறமொழியை வெறுப்பாரும் உளர். இருசாராரும் வட்டுக்கோட்டை வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக. இரு மொழியையும் ஒரே வாங்கில் இருந்து கற்ற பிள்ளைகளே ஈழத்துத் தமிழின் புகழைத் தமிழகம் எங்கணும் நாட்டினர். மொழிகள் ஒன்றையொன்று வெல்லுதற்குரிய பகைவரல்ல. ஆழக் கற்பார்க்கு அவை இரு கண்கள். அரைகுறையாகக் கற்பார்க்கோ இரண்டும் புண்ணாம்.