அடுப்புக்கு எந்தச் சேவல், வித்துக்கு எந்தச் சேவல்?

திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம் பக்கங்களில் வீட்டுக்குப் பின்னால் நாலைந்து நாட்டுக்கோழி வைத்திருக்கும் அன்பர்களுக்கு முதலில் ஒரு கேள்வி. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போதோ, ஊரிலிருந்து மாப்பிள்ளை வரும்போதோ எந்தச் சேவலைப் பிடிக்கிறீர்கள்? கூட்டத்திலேயே கொழுத்து நிற்பது எதுவோ அதைத்தானே? மிச்சம் நிற்கிற நோஞ்சான் சேவல்தான் அடுத்த ஆறு மாதமும் பெட்டைகளோடு சேரும். இப்படியே நாலு வருஷம் நடந்தால் கோழி சிறுத்துப் போகிறது, முட்டை பொரிப்பதும் குறைகிறது. "மண்ணு சரியில்லீங்க, கம்பெனி புகைங்க" என்று அப்போது சொல்லுகிறோம். மண்ணைப் பற்றிப் பிறகு பேசுகிறேன், அதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் முதல் குற்றம் கத்தி பிடிக்கிற கையிலே. எதை அறுக்கிறோம் என்பதிலேயே எதைப் பெருக்குகிறோம் என்பதும் அடங்கியிருக்கிறது.

நம் தமிழ்நாட்டு நாட்டுக்கோழியில் சிறுவிடை, பெருவிடை என்று இரண்டு வகை சொல்வார்கள். பெருவிடை அசீல் வம்சம். சண்டைக்கென்றே பேணி வந்த இனம். நெட்டைக் காலும் முரட்டுக் குணமுமாக இருக்கும். இரண்டு சேவலை ஒரு கூட்டில் அடைக்க முடியாது. சின்னப் புழக்கடைக்குச் சிறுவிடைதான் தோது. இலேசான உடம்பு, தன் தீனியைத் தானே கிளறித் தேடும், அடை காக்கும், குஞ்சைக் காக்கைக்கும் பூனைக்கும் விடாமல் வளர்க்கும். நிறத்தை வைத்து இனம் சொல்ல முடியாது. கறுப்பு, செம்மை, வெள்ளை, புள்ளி எல்லாமே சிறுவிடையில் உண்டு.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கலர் இறகைப் பார்த்து "இதுவும் நாட்டுக்கோழிதானே" என்று வாங்கி வருகிறார்கள். ஐதராபாத்தில் உருவாக்கிய வனராஜா, பெங்களூரில் உருவாக்கிய கிரிராஜா போன்ற வகைகளுக்கும் கலர் இறகுதான். அவை மட்டமான கோழி என்று நான் சொல்லவில்லை. சீக்கிரம் எடை வரும், முட்டையும் கூடுதல். ஆனால் அடைக்கு உட்காருவதில் நம்ப முடியாது. அந்தச் சேவலை உங்கள் சிறுவிடைப் பெட்டையோடு சேரவிட்டால், பேத்திக் கோழி முட்டையிட்டுவிட்டு எழுந்து போய்விடும். அப்புறம் ஒவ்வொரு தடவையும் குஞ்சைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கரண்டு செலவில்லாமல் குஞ்சு பொரிக்கிற வசதி இந்த இனத்தோடு பிறந்தது. அதைக் கெடுத்துக்கொள்ளலாமா?

ஆகவே அடையாளம் வையுங்கள். எந்தப் பெட்டை அதிகக் குஞ்சைக் கரை சேர்த்ததோ, அதன் குஞ்சுகளுக்கு மட்டும் காலில் கலர் வளையம் போடுங்கள். கால் பெருக்கப் பெருக்க வளையத்தை மாற்றவேண்டும், மறந்தால் சதையை அறுத்துவிடும். ஐந்து மாதத்தில் அந்தச் சேவல்களில் நேரான விரல், தெளிந்த கண், சுறுசுறுப்பு உள்ளதை வித்துக்கு நிறுத்துங்கள். ஒரு சேவலுக்கு எட்டுப் பெட்டை வரை போதும். அதற்குமேல் எத்தனை கொழுத்த சேவல் இருந்தாலும் தாராளமாக அறுக்கலாம். வருஷத்துக்கு ஒருமுறை சேவலை மாற்றுங்கள், இல்லாவிட்டால் அப்பனும் மகளும், அண்ணனும் தங்கையும் சேர்ந்து வம்சம் நலிந்துபோகும். காலடிப்பேட்டைக்காரர் சடையங்குப்பத்துக்காரரோடு சேவல் மாற்றிக்கொண்டால் ஒரு காசு செலவில்லை. வந்த சேவலை மூன்று வாரம் தனியே அடைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகு கூட்டத்தில் விடவேண்டும்.

அடைக்கு ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டையாக ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வைக்கலாம். கூடையில் மணல் பரப்பி மேலே வைக்கோல் போடுங்கள். ஏழாம் நாள் இருட்டில் டார்ச்சு லைட்டு அடித்துப் பார்த்தால், கரு உள்ள முட்டையில் சிலந்திக் கால் மாதிரி நரம்பு தெரியும். தெளிவாக இருப்பதை எடுத்துவிடலாம். இருபத்தொன்றாம் நாள் குஞ்சு வெளிவரும். இடி இடித்தால் கூமுட்டையாகும் என்று கரித்துண்டும் இரும்பும் வைக்கிறார்கள், வைத்தால் நஷ்டமில்லை. ஆனால் முட்டையைக் கெடுப்பது கத்திரி வெயில். தை, மாசியில் அடை வைத்தவர்களுக்கு இந்தக் கவலை அதிகம் இல்லை.

வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் தெருவே காலி. இதைத்தான் இராணிக்கெட் நோய் என்கிறோம். பெயர் தந்த இராணிக்கெட் இமயமலைப் பக்கத்து ஊர். தடுப்பு மருந்து செய்வதோ நம் இராணிப்பேட்டையில், 1932-லிருந்து இயங்குகிற அரசு நிலையத்தில். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏழாம் நாள் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, நாலாம் வாரம் மறுபடி ஒரு தடவை, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. மருந்துக் குப்பி ஒன்று நூறு கோழிக்கு மேல் வரும். பத்துக் கோழிக்காக யார் வாங்குவார்கள் என்று விட்டுவிடாமல், தெருவில் நாலு வீடு சேர்ந்து வாங்குங்கள். தெர்மாஸ் பிளாஸ்கில் ஐஸ் போட்டுக் கொண்டுவரவேண்டும். வெயிலில் பையில் தூக்கி வந்த மருந்து வெறும் தண்ணீர்தான். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்துகிற இலவச முகாமையும் விடாதீர்கள்.

இப்போது மண் விஷயம். கோழி நாள் முழுக்க மண்ணைக் கிளறித் தின்கிறது, மண்ணில் இருப்பது முட்டைக்குள் வருகிறது. நம் பகுதியில் சாம்பல் படிந்த நிலம் உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் எர்ணாவூர் வீடுகளுக்குள்ளேயே வந்தது. அப்படி எண்ணெய் படிந்த இடத்தில் மேல்மண்ணை வாரி அப்புறப்படுத்தி, நல்ல மண் கொட்டி அடைப்புப் போட்டு அதற்குள் வளருங்கள். தீனியைத் தரையில் வீசாமல் தட்டில் வையுங்கள். மீனவர் குப்பங்களுக்கு இன்னொன்று. வலையில் கட்டுகிற ஈயக் குண்டு உடைந்து தரையில் கிடந்தால் கோழி கல் என்று விழுங்கிவிடும். ஈயம் கோழியையும் கெடுக்கும், முட்டை வழியாகக் குழந்தையின் மூளை வளர்ச்சியையும் கெடுக்கும். மீன் குடல், தலை போடுவதானால் வேகவைத்துப் போடுங்கள். கருவாட்டுத் துண்டு கூடாது, உப்பு கோழிக்கு ஆகாது. அறுப்பதற்கு மூன்று வாரம் முன்பே மீனை நிறுத்தாவிட்டால் கறியில் கவிச்சை அடிக்கும்.

அறுக்கப்போகும் கோழிக்கு முந்தின ராத்திரி தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும். விடியற்காலைக் குளிர்ச்சியில், நன்றாகத் தீட்டிய கத்தியால் ஒரே வீச்சில் கழுத்தை அறுத்து, தலைகீழாகப் பிடித்து ரத்தம் முழுக்க வடியவிடுங்கள். கொதிக்கிற நீரில் அப்படியே முக்கினால் தோல் கிழியும். கொதித்த நீரும் பச்சைத் தண்ணீரும் சரிபாதி கலந்தால் அறுபது டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும். அதில் ஒரு நிமிஷம் முக்கி, இறக்கை இறகு இழுத்ததும் கையோடு வருகிறதா பாருங்கள். பிறகு வைக்கோல் தீயில் வாட்டி மஞ்சள் தடவிக் கழுவுவது நம் வழக்கம். கம்பெனியிலிருந்து வருகிற பெயிண்டு அடித்த பலகையையோ பிளாஸ்டிக்கையோ இந்தத் தீயில் போடாதீர்கள், அந்தப் புகை கறியில் படியும். சில கோழிக்குப் பிறவியிலேயே தோல் மஞ்சளாக இருக்கும். அந்தக் குணம் நம் தென்னாட்டுச் சாம்பல் காட்டுக்கோழி வழியாக வீட்டுக்கோழிக்கு வந்தது என்று 2008-இல் கண்டறிந்திருக்கிறார்கள்.

வாலடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியை வெட்டி எறியுங்கள். பித்தப்பை உடையாமல் ஈரலை எடுத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக வெளுத்திருந்தால் அந்தக் கோழி சமையலுக்கு வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நோயில் செத்ததை அறுப்பதும், சாக்கடையில் வீசுவதும் தெருக்கோழிக்கெல்லாம் நோயைப் பரப்பும்; ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். அரைவைப்பையைக் கிழித்து உள்ளே இருப்பதைத் தட்டில் கொட்டுங்கள். கூழாங்கல் இருந்தால் நல்லது. ஆணியோ, கம்பியோ, மங்கலான ஈயத் துண்டோ இருந்தால், உங்கள் புழக்கடையில் என்ன கிடக்கிறது என்று கோழியே காட்டிக்கொடுத்துவிட்டது. ஈயம் கண்டால் அந்தக் கோழியையும் சமைக்க வேண்டாம். தரையைச் சுத்தம் செய்து முடிக்கும்வரை அந்தக் கூட்டத்து முட்டையைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

அறுத்த கறியை உடனே அடுப்பில் ஏற்றுங்கள், அல்லது ராத்திரி முழுக்க பிரிட்ஜில் வையுங்கள். இடையில் விறைத்த நேரத்தில் சமைத்தால் ரப்பர் மாதிரி இருக்கும். முட்டை நின்றுபோன கிழட்டுப் பெட்டையை வறுவலுக்கு எடுக்காமல், மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு, சிறு தீயில் இரண்டு மணி நேரம் சாறு காய்ச்சுங்கள்.