தராசின் எண் கமராவில் தெரிகிறதா?

2021 மார்ச் 20ஆம் திகதி காலை, பசறை 13ஆம் கட்டையடியில் பஸ் ஒன்று பள்ளத்தில் பாய்ந்து பல உயிர்கள் போயின. சரிந்து விழுந்த பாறை வீதியை மறித்துக் கிடந்ததை, அவ்வழியே சென்ற வாகனமொன்றின் கமராப் பதிவில் நாடே பார்த்தது. பதிவு தெளிவாக இருந்தால் கமராவும் ஒரு சாட்சிதான்.

பதுளைக் கடைகளிலும் தேயிலை ஸ்டோர்களிலும் பூட்டப்படும் இணையக் கமராக்களை அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். கொழுந்து மடுவத்தையே எடுத்துக்கொள்வோம். நிறுவையில் கிலோ குறைகிறது என்பது மலையகத்தின் பழைய மனக்குறை. அங்கே தராசுக்கு மேலே ஒரு கமரா இருக்கிறது. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட படம். அது 8 மீற்றர் அகலமான இடத்தைக் காட்டினால் மீற்றருக்கு 240 புள்ளிகள் கிடைக்கும். தராசில் ஒளிரும் 5 சென்ரிமீற்றர் உயர இலக்கத்துக்கு 12 புள்ளிகள், ஒருவாறு வாசிக்கலாம். அகலம் 640 புள்ளியாகக் குறைந்தால் அதே இலக்கத்துக்கு 4 புள்ளிதான். 3 எது, 8 எது என்று எவராலும் சொல்ல முடியாது. பெரிதாக்கிப் பார்த்தாலும் பயனில்லை, பதியாத விவரம் பிறகு வராது.

புள்ளிகள் மட்டும் போதாது. 1920க்கு 1080 அளவுப் படம் செக்கனுக்கு 25 வீதம் சுருக்கப்படாமல் வந்தால் செக்கனுக்கு 120 கோடி பிட்டுக்கு மேலாகும். 2003இல் வந்த எச்.264 முறை அதை 40 இலட்சம் பிட் அளவுக்குச் சுருக்கிவிடுகிறது. 2013இல் வந்த எச்.265 ஏறத்தாழ அதிலும் பாதி போதும் என்கிறது. எப்படி? இடையிடையே ஒரு முழுப் படத்தை அனுப்பிவிட்டு, அடுத்தடுத்த படங்களில் மாறிய பகுதியை மட்டும் அனுப்புகிறது. அசையாத சுவருக்கு ஏறத்தாழச் செலவே இல்லை.

இரவில்தான் சிக்கல். ஒளி குறைந்ததும் கமரா தன் உணர்திறனைக் கூட்டுகிறது, படமெங்கும் புள்ளி புள்ளியாக இரைச்சல் எழும்புகிறது. சுருக்கும் மென்பொருளுக்கு ஒவ்வொரு புள்ளியும் அசைவுதான். கூடவே மழை பெய்தால், இன்ஃப்ராரெட் விளக்கில் ஒவ்வொரு துளியும் வெள்ளைக் கோடாக மின்னுகிறது. செக்கனுக்கு இத்தனை பிட் என்ற பிட்ரேட்டை இறுக்கிக் கட்டியிருந்தால் பிட்டெல்லாம் மழைக்கும் இரைச்சலுக்கும் போய், முகமும் இலக்கமும் கட்டம் கட்டமாகக் குழம்பும். அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கங்களில் மாறும் பிட்ரேட்டைத் தேர்ந்து, உச்சவரம்பைச் சற்றுத் தாராளமாக வைப்பதே சரி என்பேன். இரைச்சல் குறைக்கும் செட்டிங்கைக் கூட்டலாம், மிஞ்சினால் நடப்பவர் நிழலாவார். மடுவத்துக்குள் ஒரு நல்ல விளக்கைப் போட்டால் இந்தத் தொல்லையில் பாதி தீர்ந்துவிடும்.

தாராளத்துக்கு ஒரு விலை உண்டு. செக்கனுக்கு 4 மெகாபிட் என்றால் ஒரு கமராவுக்கு நாளொன்றுக்கு 43 ஜிகாபைட். எட்டுக் கமராவுக்கு 1 டெராபைட் டிஸ்க் மூன்று நாள்கூட வராது. நாலாம் நாள் முறைப்பாடு வந்தால் பதிவு அழிந்திருக்கும். அதனால் செக்கனுக்கு எத்தனை படம் என்ற பிரேம் கணக்கில் சிக்கனம் பிடிக்க வேண்டும். ஓடும் பஸ்ஸுக்கு 25 பிரேம் வேண்டும், தராசுக்கு 8 அல்லது 10 போதும்.

கொழும்பிலிருந்து கைபேசியில் பார்க்க, சிறிய படத்தை அனுப்பும் இரண்டாம் ஓட்டம் கமராவில் இருக்கிறது. 512 கிலோபிட்டில் மணித்தியாலத்துக்கு 230 மெகாபைட்தான் செலவாகும். முதன்மை ஓட்டமோ 1.8 ஜிகாபைட்டை விழுங்கும். மலைமடிப்பில் சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் முழுப் படத்தின் இடைவெளியை ஒன்றிரண்டு செக்கனாக வையுங்கள். ஒரு துண்டு தவறினால் அடுத்த முழுப் படம் வரும்வரை திரை கலங்கியே நிற்கும்.

ட்யூப் விளக்கடியில் படம் பட்டை பட்டையாக ஓடினால் மின் மீடிறனைப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், செட்டிங் 60இல் கிடக்கக்கூடும். நேர வலயமும் +5:30 ஆக இருக்க வேண்டும். சீன நேரத்தில் ஓடும் கமரா இரண்டரை மணித்தியாலம் முந்திப் பதியும். விசாரணையில் அந்தப் பதிவின் பெறுமதி என்ன?

கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு விடப்பட்ட கமராக்களைக் கொண்டே உலகின் பெரிய இணையத்தளங்களை முடக்கியது.

கமரா தராசை மட்டுமா பார்க்கிறது? சற்றுத் திரும்பினால் லயன் வாசல், குளிக்கும் பீலி. அந்தப் பகுதிகளைக் கறுப்பாக மறைக்கும் வசதி பெரும்பாலான கமராக்களில் உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நம் நாட்டில் இருக்கிறது. தோட்ட நிர்வாகங்கள் அந்த மறைப்பைப் போட்டுவிட்டு, இலக்கம் தெளிவாகத் தெரியும் நிறுவைப் பதிவைக் கொழுந்து எடுத்தவர் கேட்கும்போது காட்ட வேண்டும்.